மருந்து வாடை அடிக்கிற தண்ணி

எங்க பக்கத்துல தண்ணி நல்லாருக்கான்னு கேட்டா நாக்குதான் பதில் சொல்லும். உப்புக்கரிக்குதா, சப்புன்னு இருக்கா, பருப்பு வேகுதா, டீ நல்லா வருதா, அவ்வளவுதான் டெஸ்ட்டு. காரைக்குடிக்காரங்ககிட்ட சம்பை ஊத்து தண்ணிய பத்தி பேச்சு எடுத்தா அரை மணி நேரம் நிறுத்தமாட்டாங்க, அந்தத் தண்ணில காபி போட்டா எப்படி இருக்கும்னு ஆரம்பிச்சு எங்கயோ போய் நிக்கும். ஊருக்கு ஊர் இப்படி ஒரு பெருமை உண்டு, தப்பே இல்ல. ஆனா இந்த நாக்கு டெஸ்ட்டுக்கு இப்ப ஒரு மிஷின் வந்துருச்சு, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர். ஆர்ஓ விக்க வர்ற தம்பி அத டம்ளர்ல முக்குவாப்ல, 900ன்னு காட்டும், வீட்ல எல்லாரும் "ஐயய்யோ"ம்பாங்க, அன்னைக்கே அட்வான்ஸ் கைமாறிரும்.

டிடிஎஸ்ங்கிறது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்புக்கள் எவ்வளவுன்னு சொல்லும், அதுக்கு மேல எதுவும் சொல்லாது. சாக்கடை கலந்த தண்ணியில டிடிஎஸ் 80 இருக்கலாம், குடிச்சா வாந்திபேதி வராத நல்ல கிணத்துத் தண்ணில 1,200 இருக்கலாம். கிருமிய அந்தப் பேனாவுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. நான் மைக்ரோபயாலஜி படிச்சவ, கொஞ்ச காலம் தண்ணி டெஸ்ட் பண்ற ஒரு தனியார் லேப்ல வேலையும் பாத்தேன், அதனால ஊருக்கு வந்தா சொந்தக்காரங்க எல்லாரும் பாட்டில்ல தண்ணிய பிடிச்சுக்கிட்டு வந்து கேக்குறது "இதுல டிடிஎஸ் எவ்வளவு இருக்கும்"னுதான். இதுல ஈ.கோலை இருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.

நம்ம ஆளுங்களுக்கு இந்த விஷயமே தெரியாதுன்னும் சொல்லிற முடியாது. செட்டிநாட்டு ஊர்கள்ல குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி. குடிக்கிற ஊருணிக்கு சுத்துச் சுவர், படித்துறை, செருப்ப வெளிய விடணும், கால் கழுவக்கூடாது, மாடு இறங்கக்கூடாது, சில ஊர்ல காவலுக்கு ஆளே போட்டிருந்தாங்க. தண்ணி கலங்கலா இருந்தா பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய இழைச்சுவிட்டு தெளிய வைப்பாங்க. கிருமின்னு ஒண்ணு இருக்குன்னு தெரியாத காலத்துலயே மனுஷ அழுக்கு தண்ணில சேரக்கூடாதுன்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க, அத நான் மதிக்கிறேன். அதே கட்டுப்பாட்டுக்குள்ளதான் எந்த சாதி எந்தப் படில இறங்கலாம்ங்கிறதும் இருந்துச்சு, அத மறைச்சுட்டு ஊருணி புகழ் மட்டும் பாடுறவங்கள பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும். இன்னொண்ணு, தெளிஞ்ச தண்ணி எல்லாம் சுத்தமான தண்ணி கிடையாது. 1884ல ராபர்ட் கோக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுக்கு வந்து காலரா கிருமிய ஒரு குளத்துத் தண்ணிலயே கண்டுபிடிச்சாரு, சுத்தி இருந்த ஜனங்க குளிக்கவும் குடிக்கவும் அதே குளம்தான்.

சரி, கிருமிய எப்படிப் பிடிக்கிறாங்க? காலரா, டைபாய்டு, மஞ்சக்காமாலைன்னு ஒவ்வொண்ணா தேடிக்கிட்டு இருந்தா வருஷம் பத்தாது, செலவும் கட்டுப்படியாகாது. அதனால ஒரு சாட்சிய தேடுறாங்க. மனுஷன், மாடு, கோழின்னு சூடான ரத்தம் உள்ளதுங்க குடல்ல கோடிக்கணக்குல இருக்கிற ஈ.கோலைதான் அந்த சாட்சி, 1885ல எஷரிஷ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் குழந்தைங்க மலத்துல இருந்து பிரிச்சு எடுத்தது. அது தண்ணில இருந்தா எங்கயோ மலம் கலந்திருக்குன்னு அர்த்தம், மலம் கலந்திருந்தா மத்ததும் கூட வந்திருக்கலாம். பெரும்பாலான ஈ.கோலை நம்மள ஒண்ணும் பண்ணாது, ஆனா அது வந்த வழில வேற எது வேணாலும் வரும். அதோட பெரிய குடும்பம் கோலிஃபார்ம், அதுல மண்ணுல செடியில வாழுறதும் உண்டு. அதனால கோலிஃபார்ம் மட்டும் வந்தா "எங்கயோ ஓட்டை இருக்கு, தேடு", ஈ.கோலை வந்தா "குடிக்கிறத நிறுத்து". நம்ம நாட்டு அளவுகோல் ஐஎஸ் 10500, 2012ல திருத்துனது, 100 மில்லி தண்ணில ரெண்டுமே கண்ணுல படவே கூடாதுங்குது. மத்த பலதுக்கும் இத்தன மில்லிகிராம் வரைக்கும் போகட்டும்னு ஒரு அளவு இருக்கும், இதுக்கு அந்தப் பேச்சே இல்ல.

சாம்பிள் எடுக்கிறதே ஒரு கலை, அத சரியா பண்ணாம வர்ற ரிசல்ட்டுக்கு மதிப்பே கிடையாது. வீட்ல இருக்கிற பெப்சி பாட்டில கழுவிட்டு பிடிச்சுட்டு வர்றதெல்லாம் கதைக்காகாது. லேப்ல கிருமிநீக்கம் பண்ணுன பாட்டில் தருவாங்க, அடியில ஒரு சிட்டிகை சோடியம் தயோசல்பேட் இருக்கும், அது எதுக்குன்னா தண்ணில மிச்சம் இருக்கிற குளோரின அந்த நிமிஷமே முறிக்கிறதுக்கு, இல்லன்னா லேப் போற வழியிலயே குளோரின் கிருமிய கொன்னுகிட்டே போகும், நம்ம குழாய்ல பிடிச்சப்ப இருந்த நிலைமை தெரியாது. குழாய் மூக்குல கட்டியிருக்கிற துணியையும் டியூபையும் கழட்டணும் (எல்லார் வீட்லயும் ஒரு துணி கட்டியிருக்கும், மணல் வராம இருக்கவாம், அந்தத் துணிய ஒரு தடவ முகந்து பாருங்க), ஸ்பிரிட் பஞ்சால நெருப்பு காட்டணும், ரெண்டு மூணு நிமிஷம் தண்ணிய ஓடவிடணும், அப்புறம் மூடிய தரையில வைக்காம கையிலயே பிடிச்சுக்கிட்டு, வாய்ப்பக்கம் விரல் படாம, கழுத்து வரைக்கும் நிரப்பாம கொஞ்சம் இடம் விட்டு மூடணும். ஐஸ் பெட்டியில வச்சு முடிஞ்சா 6 மணி நேரத்துக்குள்ள, எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள லேப்ல சேத்துரணும். எங்க வெயில்ல பைக் சைடு பாக்ஸ்ல பாட்டில போட்டு எடுத்துட்டு போனா கிருமி வழியிலயே ரெண்டு தலைமுறை பெருகிரும்.

லேப்ல பழைய முறை இன்னைக்கும் ஓடுது. ஊதா கலர் குழம்பு (கிருமி வளர்றதுக்கான தீனி) வரிசையா டெஸ்ட் டியூப்ல, ஒவ்வொண்ணுக்குள்ளயும் தலைகீழா ஒரு குட்டி டியூப், அதுல தண்ணிய 10 மில்லி, 1 மில்லி, அதுலயும் பத்துல ஒரு பங்குன்னு ஊத்தி 37 டிகிரியில வச்சுருவோம். மறுநாள் காலைல திறந்தா, கோலிஃபார்ம் வளந்த டியூப்ல ஊதா மஞ்சளாகியிருக்கும், குட்டி டியூப் மண்டையில ஒரு காத்துக் குமிழ் நிக்கும். அந்தக் குமிழ்தான் சமாச்சாரம். அப்புறம் வேற குழம்புல மாத்தி 44 டிகிரி சூட்டுல உறுதிப்படுத்தி, எத்தன டியூப்ல குமிழ் வந்துச்சுன்னு அட்டவணை பாத்து 100 மில்லில தோராயமா இத்தனன்னு எழுதுவோம். இதெல்லாம் முடிய ரெண்டு நாள், சில சமயம் நாலு நாள். நீங்க யோசிக்க வேண்டியது அந்த ரெண்டு நாளத்தான். ரிசல்ட் கைக்கு வர்றப்ப அந்தத் தண்ணி குடிச்சு செரிச்சு வெளிய போயாச்சு.

அப்ப எத்தன சாம்பிள் எடுக்கணும்? 2011 சென்சஸ்படி காரைக்குடி நகராட்சில (இப்ப மாநகராட்சி) 1,06,000 பேருக்கு மேல. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கப் போட்டா இந்த அளவு ஊருக்கு வருஷத்துக்கு 250 கிட்ட வருது, மாசம் இருபது. அமெரிக்காவுல 1989ல வந்து 2013ல திருத்துன கோலிஃபார்ம் சட்டத்துல இதே ஜனத்தொகைக்கு மாசம் 100 சாம்பிள், ஊர் பூரா முன்கூட்டியே குறிச்சு வச்ச குழாய்ல. அதுல அஞ்சு சதவீதத்துக்கு மேல கோலிஃபார்ம் வந்தா சிஸ்டத்துல எங்க கோளாறுன்னு ஆராய்ஞ்சு பாத்து எழுதிக் குடுக்கணும். ஒரு சாம்பிள் பாசிட்டிவ் ஆனாலே 24 மணி நேரத்துக்குள்ள அதே குழாய்ல ஒண்ணு, அதுக்கு மேல் பக்கம் அஞ்சு கனெக்‌ஷனுக்குள்ள ஒண்ணு, கீழ்ப் பக்கம் ஒண்ணுன்னு மறுபடி எடுக்கணும். ஈ.கோலை உறுதியாச்சுன்னா ஒரு நாளைக்குள்ள ஜனங்களுக்கு சொல்லியே ஆகணும், காய்ச்சிக் குடிங்கன்னு. எனக்கு அந்த நூறு பெருசில்ல, இந்த "சொல்லியே ஆகணும்"தான் பெருசு.

நம்மகிட்ட சட்டம் இல்லாமல்லாம் இல்ல. மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் 1939லயே வந்துருச்சு, சுதந்திரத்துக்கு முன்னாடி, நாட்டுக்கே அதான் முன்னோடி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் லேப் இருக்கு, சுகாதாரத் துறையும் தனியா சாம்பிள் எடுக்குது. ஆனா ஐஎஸ் 10500 குழாய்த் தண்ணிக்கு வழிகாட்டிதான், மீறுனா தண்டனைன்னு கிடையாது. 2019ல வந்த ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துத் தண்ணிய வருஷத்துக்கு ரெண்டு தடவ கிருமிக்கு பாக்கணும், மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழைக்குப் பின்னாடி ஒண்ணு. ரெண்டு தடவங்கிறது ஒண்ணுமில்லாததுக்கு தேவலை. மிச்ச முந்நூத்தி அறுபத்து மூணு நாளு யாரு பாக்குறது?

இத சொல்றப்ப பக்கத்து மாவட்டத்துல நடந்தத சொல்லாம போக முடியல. 2022 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். பட்டியலின மக்கள் குடிக்கிற ஓவர்ஹெட் டேங்க்ல மனுஷ மலத்த கலந்திருந்தாங்க. அது எந்த லேப் ரிப்போர்ட்லயும் வெளிய வரல. பிள்ளைங்களுக்கு உடம்பு முடியாம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போக, தண்ணிய பாருங்கன்னு அங்க சொல்ல, அப்புறம்தான் ஊர்ப் பசங்க டேங்க் மேல ஏறிப் பாத்தாங்க. அது குத்தம், அதுக்கு விசாரணை கோர்ட்டுன்னு வேற பாதை. ஆனா தண்ணி டெஸ்ட் பண்ற வேலைல இருந்தவளா எனக்கு உறுத்துறது, அங்க மலத்தக் கண்டுபிடிச்ச கருவி பிள்ளைங்க வயிறு.

அதனால லேப்புக்குக் காத்திருக்காம ஊருலயே பாக்குறதுக்கு என்ன வழின்னா, ஒண்ணு கருப்பு பாட்டில் டெஸ்ட்டு. குவாலியர் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தவங்க 1982ல எழுதி வெளியிட்ட முறை, இன்னைக்கு பல நாட்டு கிராமங்கள்ல இதப் பயன்படுத்துறாங்க. சின்ன கண்ணாடி பாட்டில், உள்ள மருந்து தடவுன ஒரு பேப்பர், கோடு வரைக்கும் தண்ணிய ஊத்தி மூடி வைக்க வேண்டியதுதான். மலத்தோட வர்ற சில கிருமிங்க ஹைட்ரஜன் சல்பைடு விடும், அது மருந்துல இருக்கிற இரும்போட சேந்து கருப்பாகும். முப்பது டிகிரிக்கு மேல வச்சா போதும், எங்க ஊருக்கு இன்குபேட்டரே தேவையில்ல, பரண் மேல வச்சா முடிஞ்சது. இது பக்கா லேப் டெஸ்ட் கிடையாது, நிலத்தடித் தண்ணில இயற்கையாவே சல்பைடு இருந்தா ஏமாத்தும், ஆனா கருப்பாச்சுன்னா அப்புறம் லேப்புக்கு அனுப்பியே ஆகணும். ஜல் ஜீவன்ல ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்கு இந்த டெஸ்ட் பெட்டிய குடுத்து பழக்கிவிடணும்னு இருக்கு. எங்க ஊர்ல பழகுனவுகள்ல ஒருத்தவுக எனக்கு அக்கா முறை, குழுத் தலைவி. தெருவுல ஒரு வீட்டுத் தண்ணி ராத்திரி வச்சு மறுநாள் மத்தியானம் மை மாதிரி கருப்பாயிருச்சு, மூடிய திறந்தா அழுகுன முட்டை நாத்தம். அந்த வீட்டுக்காரருக்கு கோவம் வந்துருச்சு, "எங்க வீட்ட அசிங்கப்படுத்துறீகளா, பொண்ணு பாக்க ஆளு வர்ற நேரத்துல"ன்னு. அக்கா அசரல. "அண்ணே, வீட்டுக்குள்ள இல்ல, வீட்டுக்கு வர்ற பைப்புல. தெருமுனையில தோண்டச் சொல்லுங்க." தோண்டுனாங்க. சாக்கடை வாய்க்காலுக்குள்ளயே முங்கிக்கிட்டு ஓடுன பைப்பு, ஜாயிண்ட்ல விரல் நுழையிற விரிசல்.

இத கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா தப்பு நடக்குறது இங்கதான். திருச்சி பக்கம் காவிரில எடுத்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல ராமநாதபுரம் சிவகங்கைன்னு இவ்வளவு தூரம் வர்ற தண்ணி, அங்க குளோரின் போட்டு சுத்தமாத்தான் அனுப்புறாங்க. ஆனா நமக்கு இருபத்து நாலு மணி நேரமும் வராது, காலைல ஒரு மணி நேரம், சில ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். தண்ணி நின்ன உடனே பைப்புக்குள்ள அழுத்தம் போயிரும், காலியா கெடக்குற பைப்பு விரிசல் வழியா பக்கத்துல என்ன இருக்கோ அத உள்ள இழுக்கும். இதுல லைன்லயே நேரா மோட்டார் போட்டு உறிஞ்சுற புண்ணியவான்கள் வேற, அது சட்டப்படி தப்பு, பக்கத்து வீட்டுக்குத் தண்ணி போகாதுங்கிறதுக்கு மட்டும் இல்ல, சாக்கடைய வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற வேலை அது. தண்ணி வந்த உடனே முதல் ரெண்டு குடத்த குடிக்கப் பிடிக்காதீங்க, செடிக்கு ஊத்துங்க.

இப்படி வழியில எதாவது உள்ள வந்தாலும் சமாளிக்கத்தான் குளோரின்ல கொஞ்சம் மிச்சம் இருக்கணும்ங்கிறது. கடைசி வீட்டுக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், அதுக்குக் குறையக்கூடாது. இத பாக்க ரெண்டு நாள் வேணாம், ரெண்டு நிமிஷம் போதும். குழாய்த் தண்ணிய சின்ன டியூப்ல பிடிச்சு சொட்டு மருந்து விட்டா மஞ்சளாகும், பெட்டியில இருக்கிற கலரோட ஒப்பிட்டு பாத்துக்கலாம் (புது மருந்துல ரோஸ் கலர் வரும்). கலரே வரலன்னா குளோரின் இல்ல, அவ்வளவுதான். என்னைக் கேட்டா வருஷம் ரெண்டு லேப் ரிப்போர்ட்ட விட தினம் காலைல கடைசித் தெரு கடைசிக் குழாய்ல இந்த மஞ்சள பாக்குறது பத்து மடங்கு உபயோகம். சுகாதார ஆய்வாளர் வந்தா பாக்குறாரு, ஆனா அனேகமா டேங்குக்குப் பக்கத்துக் குழாய்ல. அங்க எப்பவும் மஞ்சளாத்தான் இருக்கும்.

எங்க டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட பேசுனப்ப அவரு சொன்னது எனக்கு எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்கல. 30,000 லிட்டர் டேங்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர்னு கணக்கு, ஆக 120 கிராம். பக்கெட்ல கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்குனதும் தெளிஞ்சத மட்டும் ஊத்தணும், அரை மணி நேரம் கழிச்சுத்தான் வால்வ திறக்கணும். எல்லாம் அவருக்கு மனப்பாடம். "போட்டா என்ன நடக்கும்னு கேளுங்க"ன்னாரு. மொத போன் பெரிய வீட்டு ஆச்சிகிட்ட இருந்து வரும், "என்னத்தப்பா போட்டுத் தொலைச்ச, மருந்து வாடை அடிக்குது, பூசைக்கு தண்ணி வைக்க முடியல." அடுத்து டீக்கடை. அடுத்து மெம்பர். போடாம விட்டா? "ஒருத்தரும் கேக்கமாட்டாக. தண்ணி அருமையா இருக்குன்னு பாராட்டுவாக." அவருக்குக் கெடைக்கிற சம்பளத்துக்கு எதுக்கு ஏச்சு வாங்கணும், அதனால மழைக்காலம், அதிகாரி வர்ற நாளுன்னு பாத்துப் போடுறாரு. நம்மளேதான் அவர போடாம இருக்கப் பழக்கியிருக்கோம். அந்தப் பவுடர் மூட்டையும் பம்ப் ரூம்ல வாய் திறந்து ஈரத்துல கெடக்கும், புதுசுல முப்பது சதவீதத்துக்கு மேல இருக்கிற குளோரின் ஆவியா போயிட்டு வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும், 120 கிராம்ங்கிற கணக்கு நோட்டுல மட்டும் சரியா இருக்கும். உப்புத்தண்ணில கரண்ட் விட்டு குளோரின் எடுக்கிற மாதிரி விஷயங்கள்ல ஆராய்ச்சி பண்ணவே காரைக்குடில ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் குடுத்து 1953ல திறந்தது. அந்தக் காம்பவுண்ட தினம் தாண்டி வேலைக்குப் போறவங்களே குளோரின் வாடைய குறை சொல்றத பாத்தா சிரிக்கத்தான் தோணுது.

வாடை பிடிக்கலன்னா குடத்துல பிடிச்சு ஒரு ராத்திரி மூடி வைங்க, போயிரும். ஆனா குழாய்ல அந்த வாடை வரணும். வராத நாளுதான் போன் பண்ணிக் கேக்க வேண்டிய நாளு. மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கு கிராம சபை நடக்கும், அன்னைக்கு எந்திரிச்சு "கடைசித் தெருவுல குளோரின் எவ்வளவு, போன மழைக்கு அப்புறம் எடுத்த சாம்பிள் ரிசல்ட் எங்க"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. ரிசல்ட்ட இப்ப மத்திய அரசு போர்ட்டல்லயும் ஏத்துறாங்க, ஊராட்சில தெரியாதுன்னு சொல்ல முடியாது.

இன்னொரு கூட்டத்துக்கும் சொல்லணும், வீட்டப் பூட்டிட்டு சென்னைலயும் சிங்கப்பூர்லயும் இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு. படைப்புக்கும் (முன்னோரக் கும்பிடுறது) கல்யாணத்துக்கும்தான் வீடு திறக்குது, வளவு கூட்டியாச்சு, ஆத்தங்குடி கல்லுக்கு தேங்காயெண்ணெய் போட்டு துடைச்சாச்சு, சம்ப்ப (தரைக்கடியில இருக்கிற தண்ணித் தொட்டி) யாரும் எட்டிப் பாக்கல. எட்டு மாசமா நிக்கிற தண்ணி, அதுல குளோரின் என்னைக்கோ போயிருச்சு, மூடி ஓரத்துல பல்லி முட்டை. முந்நூறு பேருக்கு பந்தி அந்தத் தண்ணிலதான். வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி ஆள விட்டு சம்ப்ப இறைச்சு தேய்ச்சு, புதுத் தண்ணி ஏத்தி, 5,000 லிட்டருக்கு 20 கிராம் புது பிளீச்சிங் கரைச்சு ஊத்தி, மாடி டேங்குக்கும் ஏத்தி எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் திறந்து விடுங்க. லாரித் தண்ணி வாங்குனா எந்தக் கிணறுன்னு கேளுங்க, அதுக்கும் அதே அளவுதான். ஆர்ஓ கேன் தண்ணில குளோரினே இருக்காது, அத அண்டால ஊத்தி ஆளாளுக்கு டம்ளர விட்டு மோந்தா ஈ.கோலை கை வழியா வந்துரும், நீளக் கைப்பிடி வச்ச கரண்டி இல்லன்னா குழாய் வச்ச டிரம்மு வைங்க. பித்தளைப் பானைல கிருமி சாகும்னு ஆச்சிமார் சொல்றது உண்மைதான், 2005ல ஆராய்ச்சியிலயும் காட்டியிருக்காங்க, ஆனா அதுக்கு ரெண்டு நாள் பானைல கெடக்கணும், பந்தி அவசரத்துக்கு ஆகாது.

அப்புறம் ஜூஸ், பானக்கம். தண்ணிய காய்ச்சி வைப்பாங்க, அதுல போடுற ஐஸ் பாளம் எந்தத் தண்ணின்னு கேக்கமாட்டாங்க. ஐஸ்ல கிருமி சாகாது, உறைஞ்சு கெடந்துட்டு டம்ளர்ல முழிச்சுக்கும். சாப்பிட ஆகாத ஐஸ்ல நீலக் கலர் கலக்கணும்னு 2018லயே உத்தரவு வந்திருக்கு. ஆனா எங்க பக்கம் வர்றதெல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு, அதனால கலர நம்பாம, சமையல்காரர்கிட்ட ஐஸ் எங்க வாங்குறீகன்னு முதல்லயே கேட்டுருங்க. சரியான பதில் வரலன்னா பானக்கத்த மண்பானைல வச்சுக் குடுங்க, யாரும் குறை சொல்லமாட்டாங்க.